சோழியும் வானமும்

புதுச்சேரியில், 1825 ஆம் ஆண்டில், தரையிலே சோழிகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்தார் ஒரு பஞ்சாங்கக் கணிதர். எதிரே இருந்தவர் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடியிலே பிறந்து, ஆங்கிலேயர் படையிலே பணியாற்றி, சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் சில ஆண்டுகள் ஏற்றிருந்தவர். அவ்வாண்டு மே 31 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி அவர் கேட்டார். கணிதரிடம் காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை, ஓலைச் சுவடிகூட இல்லை! சோழிகளை நகர்த்தினார், நெஞ்சிலே பதித்து வைத்திருந்த வாய்பாட்டை முணுமுணுத்தார், விடையைச் சொன்னார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். அவ்வளவே!

வாரன் வியந்தார். வியந்ததோடு மற்றொன்றையும் எழுதி வைத்தார். இத்துணைத் திறமுடைய அந்த மனிதருக்கு, தாம் செய்யும் கணக்கு எதனால் பலிக்கிறது என்பது தெரியாது! வானநூற் கொள்கையில் ஒரு சொல்லும் அறியார். நினைவாற்றல் ஒன்றே அவர் செல்வம். நிலவை எது மறைக்கிறது? தெரியாது. எப்போது மறைக்கும்? தெரியும்!

தோழர்களே! இந்தக் காட்சியைக் கண்டு நகைப்போரும் உளர், நெஞ்சை நிமிர்த்தி, "பார்த்தாயா எம் முன்னோரை!" என்று மார்தட்டுவோரும் உளர். இருவரும் பாதியைத்தான் பார்க்கின்றனர். திறமை மெய். 1768 இல் புதுச்சேரிக்கு வந்து தங்கிய பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீல், தமிழர் ஒருவரிடம் இந்தக் கணக்கு முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த நிலவு மறைப்பின் கால அளவைத் தமிழ்க் கணக்கினால் போட்டுப் பார்த்தபோது 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவிலே பெரும் பெயர் பெற்றிருந்த தோபியாஸ் மாயரின் அட்டவணையினாலோ 68 வினாடி மிகுதியாக வந்தது. வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவேன் என்போருக்கு வெள்ளைக்காரனே தந்த சான்று இது.

ஆனால் அந்தத் திறமை எங்கே இருந்தது? ஒரு சில குடும்பத்தார் நாவிலே. எவ்வாறு வளர்ந்தது? வளரவில்லை, தந்தை நாவிலிருந்து மைந்தன் நாவுக்கு மாறிற்று, அவ்வளவுதான். நிலவின் நாளோட்டத்தை 248 வாக்கியங்களாகக் கட்டி மனப்பாடம் செய்தனர்; 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயரும் அதனால் வந்ததே. அந்த 248 நாள் சுற்று இங்கு மட்டும் முளைத்ததன்று. பாபிலோனியர் களிமண் பலகைகளிலே எழுதி வைத்த கணக்கோடு அதற்கு உறவு உண்டு என்பதை, 1952 இல் 'தமிழர் வானியல்' பற்றி ஆய்வுரை எழுதிய ஆட்டோ நியூகபாவர் எடுத்துக் காட்டினார். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் பிறந்த எண், கடல் கடந்து, மொழி கடந்து, பெயர் இழந்து, புதுச்சேரியில் ஒரு திண்ணையில் சோழியாக உருண்டது! அறிவுக்கு ஊரும் இல்லை, குலமும் இல்லை. அதைப் பூட்டி வைத்தோருக்குத்தான் இரண்டும் இருந்தன.

நான் காஞ்சியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். என் வகுப்பிலே அமர்வோரில் பலர் தறிவீட்டுப் பிள்ளைகள். கோள்களைப் பற்றிய பாடம் வரும்போது அவர்களை நோக்கி, "கோள்கள் எத்தனை?" என்று கேட்டால், புத்தகத்தைப் புரட்டுமுன்பே விடை வந்துவிடும்: "ஒன்பது!" எங்கே கற்றனர்? கோயிலிலே. ஒன்பது உருவங்கள் ஒன்றையொன்று பாராமல் நிற்கின்ற அந்த மேடையைச் சுற்றி வராத பிள்ளை இந்த ஊரில் அரிது.

அந்த ஒன்பதை விரித்துப் பார்ப்போம். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, இராகு, கேது. முதலாவது ஒரு விண்மீன். இரண்டாவது ஒரு துணைக்கோள். கடைசி இரண்டும் பொருள்களே அல்ல! நிலவின் பாதை, ஞாயிறு செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு இட்ட பெயர்களே இராகுவும் கேதுவும். புள்ளிக்குப் பாம்பின் தலையும், புள்ளிக்குப் பட்டுத் துணியும், புள்ளிக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரக் காலமும்! மெய்யான கோள்கள் ஐந்தே. அப்படியானால் விடுபட்டது எது? பிள்ளைகளைக் கேளுங்கள், சற்றுத் திகைத்துவிட்டு, காலடியைப் பார்ப்பார்கள். நாம் நிற்கும் இந்த நிலம்! ஒன்பதைச் சுற்றி வந்தவன், தான் எதன்மேல் நின்று சுற்றினான் என்பதை எண்ணவில்லை.

கிரகணம் நிழலால் நேர்வது என்பதை இந்த மண்ணில் எவரும் கூறவில்லையா? கூறினர். ஆரியபட்டர் 499 ஆம் ஆண்டளவிலேயே, நிலவை நிலத்தின் நிழல் மறைக்கிறது, ஞாயிற்றை நிலவு மறைக்கிறது என்று எழுதினார். சங்கத் தமிழரும் வானை அஞ்சி மட்டும் பார்த்தவரல்லர். ஞாயிற்றின் செலவையும் காற்றியங்கும் திசையையும் வெற்று வெளியையும் அளந்தவர்போல் உரைக்கும் அறிஞர் இருந்தனர் என்பதைப் புறநானூற்றில், சோழன் நலங்கிள்ளியைப் பாடிய முதுகண்ணன் சாத்தனார் குறிக்கிறார். அதே நூலில் கபிலர், சனி புகைவதையும் வெள்ளி தென்றிசை ஓடுவதையும் தீக்குறியாக எண்ணிய காலத்து நம்பிக்கையையும் பதிந்து வைத்தார். அளந்தவனும் இருந்தான், அஞ்சியவனும் இருந்தான். பின்வந்த நூற்றாண்டுகளில் அளந்தவனுக்குக் கோயில் எழவில்லை; அச்சத்துக்கு எழுந்தது. குலோத்துங்க சோழன் காலத்தில் காவிரிக் கரையில் சூரியனார் கோயில் தோன்றிற்று.

காஞ்சிக்கு இதில் தனிப் பங்கு ஒன்று உண்டு. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடம் இவ்வூர்க் குமரகோட்டம் என்பர். அந்தப் பெருநூலில் 'அண்டகோசப் படலம்' என்று ஒரு பகுதி. நடுவிலே மேருமலை; சுற்றிலும் உப்பும் பாலும் தயிரும் நெய்யுமாக ஏழு கடல்; அடுக்கடுக்காக உலகங்கள். இலக்கியமாகப் படிப்போர்க்கு இனிக்கும். தமிழ் நடையின் வளத்தை நான் மறுப்பவனல்லன். ஆனால் இலக்கியமாகவா படித்தனர்? பூகோளமாகப் படித்தனர்! யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே ஆண்டுதோறும் படித்துப் பொருள் சொல்லும் நூலாக அது விளங்கிற்று. அங்கேதான் மோதலும் வந்தது.

யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிகள் ஓர் உயர்கல்விக் கழகம் தொடங்கினர். அதன் தலைவர் டேனியல் பூவர், தமிழ்ப் பிள்ளைகளுக்கு வானநூலைப் பாடமாக வைத்தார். 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தை, நாடறிந்த பஞ்சாங்கக் கணிதரான அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்தார். பூவரும் கணித்தார். இருவர் கணக்குக்கும் தொடக்க நேரத்திலேயே கால் மணி வேற்றுமை. யார் சொன்னது சரி? எந்தச் சுவடியைக் கேட்பது? வானத்தையே கேட்போம் என்றார் பூவர். வானம் அவர் பக்கம் சான்று சொல்லிற்று.

பூவரைப் புகழ்ந்து கைதட்டிவிட்டுப் போய்விட என்னால் இயலவில்லை. அவர் வானநூலைக் கொண்டுவந்தது வானத்துக்காக அன்று. மேருவைப் பெயர்த்த இடத்தில் தம் மதத்தை நடுவதற்காக. பாம்பை விரட்டினார், ஆறு நாளில் உலகைப் படைத்த கதையை அதே வகுப்பிலே வைத்தார்! எனினும் கருவி கை மாறும் இயல்புடையது. தொலைநோக்கியைப் பிடிக்கக் கற்ற மாணவன், கற்பித்தவனின் கருத்தையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்குவான். அக்கழகத்தில் பயின்ற சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். முன்னவர் சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றினார். பின்னவர் தமிழிலே 'வீசகணிதம்' எழுதினார். பூவருக்குப்பின் வந்த ஹாய்சிங்டன், பழைய சோதிட கணிதத்தை இகழ்ந்து தள்ளாமல், மூலமும் மொழிபெயர்ப்பும் விளக்கமுமாக 1848 இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். பழையதை மறுக்க விரும்புவோன் முதலில் அதைப் படிக்க வேண்டும் என்பதற்கு, நம் மேடைப் பேச்சாளர் சிலருக்கும் அந்தப் பாதிரியாரைக் காட்டலாம்!

சென்னையிலே நிகழ்ந்தது வேறு கதை. 1792 இல் நுங்கம்பாக்கத்தில் கும்பினியார் வானாய்வகம் எழுப்பினர். கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில், தமிழ் உள்ளிட்ட மொழிகளில், ஆசியாவில் கணித அறிவை முதன்முதல் நட்டவர் யார் என்பதை ஆயிரம் ஆண்டுக்குப் பின்வருவோரும் அறியட்டும் என்ற கருத்திலே எழுத்துப் பொறித்தனர். தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. முதன்முதல் நட்டார்களாம்! புதுச்சேரிச் சோழிகள் சிரித்திருக்கும்.

அந்த ஆய்வகத்தில்தான் 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் ஒரு சிறுகோளைக் கண்டு, 'ஆசியா' என்று பெயர் சூட்டினார். அவருக்குத் துணையாக நின்றவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1867 இல், ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் 'ஆர் ரெட்டிகுலை' என்ற தென்வானத்து விண்மீனைக் கண்டறிந்தார். 1872 இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பெருமை வந்ததும் ஓய்ந்தாரா? இல்லை. பரம்பரைப் பஞ்சாங்கம் சொல்லும் இடத்தில் கோள்கள் இல்லை என்பதைத் தொலைநோக்கியிலே கண்ட அவர், கண்ணாரக் காணும் வானத்தோடு ஒத்துவருமாறு கணக்கைத் திருத்த வேண்டும் என்றார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய காட்சி வந்தபோது, அது என்ன, ஏன் நிகழ்கிறது என்பதை மக்களுக்கு விளக்கிச் சிறு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் மட்டுமன்று, நம் நாட்டு மொழிகளிலும். அதே ஆண்டு சென்னைப் பச்சையப்பன் மண்டபத்திலே பேசி, இந்நாட்டார் பயில்வதற்கென்றே ஒரு வானாய்வகம் வேண்டும், பொருள் தாருங்கள் என்று வேண்டினார். 1880 இல் மறைந்தார். அவர் கேட்ட ஆய்வகம் அவர் காலத்தில் எழவில்லை. கோபுரத்துக்கும் குடமுழுக்குக்கும் கொடுத்துச் சிவந்த கைகள், குழலுக்குக் கொடுக்கவில்லை!

அவர் வேண்டிய திருத்தம் என்னவாயிற்று தெரியுமா? 'திருக்கணிதம்' என்று இன்னொரு பஞ்சாங்கமாயிற்று! பழையதும் நின்றது, புதியதும் நின்றது. திருக்கணிதம், சனி மீனத்துக்குப் பெயர்வது 2025 மார்ச்சு 29 என்றது. வாக்கியமோ அது 2026 இல்தான் என்றது. வானத்தில் சனி ஒன்றே. ஓர் ஆண்டு இடைவெளியில் இருமுறை வீடு மாற அது வாடகைக் குடியிருப்புக்காரனா? தொலைநோக்கியைத் தந்தவனிடமிருந்து துல்லியத்தை வாங்கிக்கொண்டனர். அந்தத் துல்லியத்தை அச்சத்துக்கே ஊழியம் செய்ய வைத்தனர். இரகுநாதாச்சாரி கேட்டது இதுவன்று.

இனி, நம்மைப் பார்ப்போம். பகுத்தறிவு பேசும் தோழர்களிடம் நான் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு: "நிலவு தேய்வது எதனால்?" "பூமியின் நிழல் விழுவதால்" என்பர் பலர். தவறு! அது கிரகணம். தேய்வதும் வளர்வதும், நிலவின் ஒளிபெற்ற பாதியில் நம் கண்ணுக்குத் திரும்பியிருப்பது எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பாம்பு விழுங்கவில்லை என்று முழங்கத் தெரிந்த நமக்கு, என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாவிட்டால், நம் கையில் இருப்பதும் சோழிதானே? பள்ளிகளிலும் இதே நிலை. புதன், வெள்ளி, புவி, செவ்வாய் என்று வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண். ஒப்பிப்பது 248 வாக்கியமானால் என்ன, எட்டுப் பெயரானால் என்ன?

ஆகவே என் வகுப்பில் ஒரு தேங்காயிலிருந்து தொடங்கினோம். ஞாயிற்றின் குறுக்களவு ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர். அதை 14 சென்டிமீட்டராக, ஒரு பெருந்தேங்காய் அளவாகச் சுருக்கினால், ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதே அளவில் நிலவுலகம் எவ்வளவு? ஒரு கடுகு. எங்கே வைப்பது? மேசையின் மறுமுனையில் என்றான் ஒருவன். படத்திலே அப்படித்தானே போட்டிருக்கிறது! கணக்குப் போடச் சொன்னேன். 15 மீட்டர் வந்தது. வகுப்பறை போதவில்லை, தெருவுக்குப் போனோம்.

காஞ்சித் தெருவில் அளவுகோலுக்குப் பஞ்சமா? விடியலிலே பாவு நீட்டும் ஊர் இது. ஒரு சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். புதன் அதைச் சற்றே தாண்டி நிற்கிறது. இரண்டு சேலைத் தொலைவில் வெள்ளி. மூன்று சேலைக்குரிய பாவின் நீளத்துக்குள் நம் கடுகு அடங்கிவிடுகிறது. அந்தக் கடுகிலிருந்து நான்கு விரற்கடைகூட இல்லாத இடத்தில் நிலவு. செவ்வாய், கடுகில் பாதி; நான்கு சேலை தாண்டி. அதற்கப்பால் பாவு தீர்ந்துவிடும்; நடக்க வேண்டியதுதான். வியாழன் ஒரு கோலிக் குண்டு, 78 மீட்டரில். ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரம் 59 மீட்டர் உயரம். அதைத் தெருவிலே படுக்க வைத்தாலும் வியாழனைத் தொடாது! சனி 143 மீட்டரில். நெப்டியூன் 450 மீட்டரில். தேங்காயை அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த விண்மீன் எங்கே ஐயா என்று கேட்டாள் ஒரு சிறுமி. இதே அளவில் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு காய் என்றேன். தெருவே அமைதியாயிற்று. பாவுக்குக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கையை நிறுத்திக் கேட்டார்: "அந்தக் கடுகுப் பாதியா தம்பி, என் பேத்தி கலியாணத்தைத் தடுக்குது?"

நான் விடை கூறவில்லை. பிள்ளைகள் கூறினர்.

இது வேடிக்கைப் பேச்சன்று. செவ்வாய் தோஷம் என்ற இரண்டு சொல்லால் எத்தனை வீட்டில் பெண்ணின் வாழ்வு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது! 2013 நவம்பர் 5 அன்று இந்த நாட்டார் ஏவிய கலம், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் புகுந்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், தமிழர். எட்டாண்டு அளவும் அக்கலம் அங்கே சுற்றிற்று, செய்தி அனுப்பிற்று. அதே எட்டாண்டும் மணமகள் தேவை விளம்பரங்களில் 'சுத்த ஜாதகம்' கேட்பது ஓயவில்லை.

"நீங்களும் ஒன்பது என்றுதானே சொல்லிக் கொடுத்தீர்கள், இப்போது எட்டு என்கிறீர்களே!" என்று குத்திக் காட்டுவார் உண்டு. ஆம், மாற்றினோம். 1930 இல் கிளைடு டாம்போ கண்ட புளூட்டோவைப் போல, நெப்டியூனுக்கு அப்பால் மேலும் பல உருண்டைகள் இருப்பது பின்னர் தெரிந்தது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகு நகரில் வானியலார் கூடி, வாதாடி, கையுயர்த்தி வாக்களித்து, அதைக் குறுங்கோள் வரிசையில் சேர்த்தனர். இன்றும் அம்முடிவை எதிர்க்கும் அறிஞர் உளர். அவர்களை எவரும் சாபமிடவில்லை. கோயில் மேடையிலே யுரேனசுக்கு இடம் உண்டா? ஹெர்ஷல் அதைக் கண்டு (1781) இரண்டரை நூற்றாண்டு நெருங்குகிறது! அந்த யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்று 1977 மார்ச்சு 10 அன்று உலகின் சில இடங்களில் ஒருசேரப் புலப்பட்டதே, அவ்விடங்களில் ஒன்று எது? ஜவ்வாது மலையிலே, காவலூர்! பட்டாச்சாரியாவும் குப்புசாமியும், யுரேனசுக்குப் பின்னே மறையவிருந்த விண்மீன் ஒன்று, அதற்கு முன்பே ஒருகணம் மங்கியதை அங்கிருந்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கியிலே பதிவு செய்தனர். காஞ்சியிலிருந்து பேருந்திலே ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய மலை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

2031 மே 21 அன்று ஒரு சூரிய கிரகணம் வருகிறது. தமிழகத்தின் தென்பகுதியில் வளையமாகத் தெரியும், காஞ்சியில் குறைவட்டமாக. கோயில் நடையைச் சாத்துவர். கருவுற்ற பெண்களை அறைக்குள் பூட்டுவர். சமைத்த சோற்றில் தருப்பை போடுவர். வெறுங்கண்ணால் ஞாயிற்றைப் பார்ப்பது கேடு என்பது மெய். அதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று, அதன்மேல் ஒட்டக் காற்காசு அளவு துளையிட்ட தாள் ஒன்று, எதிரே இருட்டறையில் ஒரு வெள்ளைச் சுவர். கண்ணாடியை வெயிலிலே சாய்த்துப் பிடித்தால், கடிபட்ட ஞாயிறு சுவரில் வந்து விழும். தறிவீட்டில் இருட்டறைக்குக் குறைவில்லை. நேரத்தைப் பிள்ளைகளே குறிக்கட்டும். இரண்டு பஞ்சாங்கங்களையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு.